மேளம் இல்லாமல் போன அப்பா

அப்பா இறந்தது விடியற்காலையில். முந்தின நாள் சாயங்காலம்தான் பெரிய தலைவர் ஒருவர் இறந்திருந்தார். ஏழு நாள் அரசு துக்கம் என்று அறிவித்துவிட்டார்கள். செந்துறையில் ஒரு கடை திறக்கவில்லை, பஸ் ஓடவில்லை. பூ கிடைக்காமல் கொல்லையில் இருந்த அரளியைப் பறித்து மாலை கட்டினோம்.

அதெல்லாம் போகட்டும். அப்பா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன்னை மேளம் அடித்து, வெடி போட்டு அனுப்ப வேண்டும். முந்திரித் தோப்பே கதி என்று கிடந்த மனுஷர், படுக்கையில் விழுந்த பிறகு இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

மேளக்காரர்கள் எப்படியோ டூவீலரில் வந்து சேர்ந்தார்கள். மேளத்தைக் காய்ச்ச வைக்கோலைக் கொளுத்தியதும் ஜீப் வந்து நின்றது. தெருமுனையில் தலைவர் படத்துக்கு மாலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் போன் பண்ணியிருக்கிறார்கள்.

"இன்னிக்குப் போயி மேளம் அடிச்சு வெடி போட்டீங்கன்னா, தலைவர் செத்ததைக் கொண்டாடுறீங்கன்னு கேஸ் ஆயிடும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இது சாவு மேளம்ங்க சார். எங்க வூட்லயும் சாவுதான்" என்றார் சித்தப்பா.

மேலிடத்து உத்தரவு, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். நான் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வேலைக்கு உலை வைத்துவிடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் மேளச் சத்தம் எழுந்தால்தான் பெண்களுக்கு அழுகை பிடிக்கும். வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். அன்று இரண்டு வரியோடு ஒப்பாரி நின்றுபோனது. தெருமுனை ஒலிபெருக்கியில் தலைவருக்கான சோக வாத்தியம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவைத் தூக்கும்போதுகூட எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

ஏழாம் நாள் லீவை நீட்டிக்கக் கடிதம் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். அங்கே எல்லாரையும் தலைவர் படத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் நிற்கச் சொன்னார்கள். இரண்டு நிமிஷ மௌனம். அந்த அமைதியில் எனக்கு அப்பா நினைவு வந்துவிட்டது. மாரில் அடித்துக்கொண்டு, ஆபீஸ் என்றும் பார்க்காமல் கதறினேன். யாரோ போட்டோ எடுத்தார்கள். என் அப்பா செத்தது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் 'தலைவருக்காகக் கதறிய ஊழியர்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள்.

நான் வீடு வருவதற்குள் அது ஊரைச் சுற்றி அம்மாவிடம் வந்திருந்தது. அவள் போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத்தாம்மா அழுதேன்" என்றேன்.

"அப்ப அவரு முன்னாடியில்ல அழுதிருக்கணும்."

போனை என் கையில் கொடுத்துவிட்டு, அப்பா படத்துக்கு முன்னால் எரிந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாள்.