வாய் திறக்காத நோயாளிகள்

ஒரகடத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செல்வலட்சுமியை 'கன்டினியூ செல்வி' என்பார்கள். அடுத்த ஷிப்ட் நர்ஸ் வராவிட்டால், வேலை முடித்தவரே தொடர்ந்து நிற்பதற்கு அங்கே கன்டினியூ என்று பேர். செல்வி மறுக்கமாட்டாள் என்பதால் அவளையே கேட்டார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் அறையெடுத்துத் தங்கியிருந்தவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஐசியூவில் ஓர் இடம் காலி. அதற்குத் தேர்வு உண்டு. வார்டு இன்சார்ஜ் மதிவதனியின் சிபாரிசும் வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் அது கிடைத்துவிடும் என்று நம்பினாள். களைப்பைத் தகுதி என்று எண்ணிக்கொள்வது அந்த வேலையில் சுலபம்.

ஒருநாள் காலை, சேர்ந்தாற்போல் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, அடுத்த ஷிப்ட் நர்ஸ் ஷாரோனிடம் வார்டை ஒப்படைத்தாள். கட்டில் கட்டிலாக நின்று, போகிறவர் சொல்ல, வருகிறவர் கேட்டுக்கொள்வது வழக்கம். ஜன்னலோரம் படுத்திருந்தவன் அருள்பாண்டி; தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் விரல் நசுங்கி வந்தவன்.

"சுகர் பேஷன்ட். கால்ல புண்ணு. சாப்பாட்டுக்கு முன்னால இன்சுலின் போடணும்" என்றாள் செல்வி.

அருள்பாண்டி கட்டுப்போட்ட கையைத் தூக்கினான். "யக்கா, எனக்குப் போனது வெரலு. சுகரையும் என் தலையில கட்டிராதீய. இந்தக் கட்டில்ல கெடந்த சுகர் பெரியவரு நேத்தே வீட்டுக்குப் போயிட்டாரு."

வார்டே சிரித்தது. "இன்னாடி, கண்ணத் தொறந்துகினே தூங்குறியா?" என்றாள் ஷாரோன். செல்வியும் சிரித்துவைத்தாள். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. அருள்பாண்டிக்கு வாய் இருந்தது, தப்பித்தான். தொண்டையில் குழாயோடு கிடப்பவர் எப்படித் திருத்துவார்? அவள் போகத் துடிக்கும் இடத்தில் எல்லோரும் அப்படித்தான் கிடப்பார்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் ஷிப்ட் முடியும் நேரம் மதிவதனி வந்தார். "செல்வி, அடுத்த ஷிப்டுக்கு ஜோயல் வரலியாம். ஒரு கன்டினியூ பாத்துடு."

"முடியாது மேடம். நாளைக்கு டெஸ்டு. நான் தூங்கணும்."

"இன்னாது? ஐசியூ ஐசியூன்னு என் பின்னாடியே சுத்திகினு இருந்தே. இப்ப ஒரு டூட்டிக்கு மூஞ்சத் தூக்குனா, உன்னப் பத்தி நான் இன்னான்னு சொல்றது?"

செல்விக்குச் சிபாரிசு கைநழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது. "அருள்பாண்டி கட்டில்ல நான் ஒளறுனது உங்களுக்கும் தெரியும்லா மேடம். அவன் சொல்லிட்டான். அங்க கெடக்கவங்க சொல்லமாட்டாங்க. தூங்காம அங்க போய் நிக்க எனக்குப் பயமா இருக்கு."

மதிவதனி அவளையே பார்த்தார். "நல்லாத்தான் பேசறே" என்றவர், போனை எடுத்துக் கணவரை அழைத்தார். "நான் வர லேட்டாவும். நீயே தோச ஊத்திக்கோ. இன்னா, மாவு எங்கயா? ஃபிரிட்ஜத் தொறந்து பாருய்யா." அன்று வார்டில் அவரே நின்றார்.

தேர்வில் செல்வி ஓரிரு கேள்விகளைக் கோட்டைவிட்டாள். ஆனாலும் இடம் கிடைத்தது. மதிவதனி அவளைப் பற்றி என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை.

ஐசியூவிலும் ஆள் பற்றாக்குறைதான். எப்போதாவது கன்டினியூவுக்கு ஒப்புக்கொள்கிறாள், மறுநாள் விடுப்பை உறுதிசெய்துகொண்ட பிறகு. அங்கே சேர்ந்த முதல் நாள், ஷிப்ட் முடித்த நர்ஸ் வேல்ராஜ் அவளிடம் கட்டில்களை ஒப்படைத்தபோது, நினைவில்லாமல் கிடந்தவரின் மணிக்கட்டைத் தூக்கி, அதில் கட்டியிருந்த அடையாளப் பட்டையின் பெயரைச் சத்தமாகப் படித்தாள். "தளவாய். சரிதான ஐயா?"

"அவரு பதில் சொல்லமாட்டாரும்மா."

"தெரியும் அண்ணே. நீங்க சொல்லுங்க."

வேல்ராஜ் குனிந்து பட்டையைப் பார்த்தார். "சரிதான்."