இதயத்துக்குள் போன புள்ளி

எங்கள் தொழிற்கூடத்தில் அவரை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவோம். மருத்துவக் கருவிகளுக்கான மெல்லிய எஃகுக் கம்பிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து லேசர் ஒளியால் பற்றவைப்பது அவர் வேலை. ஒவ்வொரு பற்றும் ஒரு புள்ளி; வெறும் கண்ணுக்கு அதுவும் தெரியாது. அடுத்த மேசையில் உட்கார்ந்து, அவர் பற்றவைத்ததில் பத்துக்கு ஒன்றைக் கருவியில் மாட்டி அறும்வரை இழுத்துப் பார்ப்பது என் வேலை. "நான் சேக்குறேன், நீ பிரிக்கிற. நல்ல ஜோடிதான்" என்பார்.

பேருந்து ஓட்டும் அவர் கணவருக்கு வேறு குறை. கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் ஒட்டிவிடுவாளாம், கண் முன்னால் தொங்கும் வீட்டுச் சாவி மட்டும் தெரியாதாம்.

ஒரு திங்கட்கிழமை காலை, குழந்தைகளின் இதய நோய் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் நேராக எங்கள் அறைக்கே வந்தார். குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை. எடை ஒரு கிலோகூட இல்லை. மருந்து ஏற்றும் மெல்லிய குழாயில் ஒரு துண்டு உடைந்து, ரத்தத்தோடு போய் இதயத்துக்குள் தங்கிவிட்டது. ரத்தக்குழாய் வழியே சுருக்குக் கம்பி ஒன்றை விட்டு அதைப் பிடித்து இழுத்துவிடலாம். ஆனால் இருக்கிற சுருக்கு எதுவும் அந்த உடம்புக்குள் நுழையாது. பாதிப் பருமனில் வேண்டும், புதன்கிழமைக்குள் வேண்டும் என்றார். அப்படிப் புதிதாகச் செய்ததைப் பயன்படுத்த அனுமதிக் கடிதமும் கையில் இருந்தது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த ரத்தக்குழாய் எவ்வளவு அகலம் டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவைக் கழற்றி ரீஃபிலை எடுத்துக் காட்டினார். "இதவிடச் சின்னது."

தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும் கம்பியைச் சுருக்காக வளைத்து, அதன் இரு நுனிகளையும் கொஞ்சம் தடித்த கம்பியொன்றில் பற்றவைக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். தடித்தது உருகுவதற்குள் மெல்லியது சுருண்டு உருண்டையாகிவிடும். அன்று முழுக்க நாற்பது கம்பிகள் வீண். தப்பிய நான்கைந்தும் என் கருவியில் பற்றிலேயே விட்டுப்போயின. ஒவ்வொன்றையும் பிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

செவ்வாய் காலை அவர் மெல்லிய கம்பிமேல் ஒளியைப் படவே விடவில்லை. தடித்ததை மட்டும் குறிவைத்தார். அது உருகித் தளும்பும் கணத்தில் மெல்லிய நுனிகள் தானாக அதில் முங்கிக்கொள்ளும்படி, தொட்டும் தொடாமலும் நிறுத்தியிருந்தார். காற்று அசையக் கூடாதென்று ஏசியை அணைக்கச் சொன்னார். அறையில் ஆறு பேர் இருந்தோம். யாரும் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. காலால் மிதியை அழுத்தினார். டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

நுண்ணோக்கியில் பார்த்தேன். பதினொரு வருடத்தில் அப்படியொரு வழவழப்பை நான் பார்த்ததில்லை. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

எட்டு செய்தார். ஐந்தை இழுத்தேன். ஐந்திலும் கம்பிதான் அறுந்தது, பற்று அசையவில்லை. மீதி மூன்றும் அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போயின.

வியாழக்கிழமை டாக்டரம்மா எக்ஸ்ரே காட்சியைக் கொண்டுவந்து காட்டினார். கம்பி வெறும் நிழல்போலத்தான் தெரிந்தது. பற்று மட்டும் கறுப்பாக, அழுத்தமாக. துடிக்கும் இதயத்துக்குள் அந்தப் புள்ளி நுழைந்தது, கொஞ்சம் காத்திருந்தது. சுருக்கு விரிந்து துண்டைக் கவ்வியது, வெளியே வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்தப் புள்ளிய வச்சுதான் நான் எங்க இருக்கேன்னே கண்டுபிடிச்சேன்" என்றார் டாக்டரம்மா.

அக்கா மறுபடி போடச் சொன்னார். நான்கு முறை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை படுத்திருந்தது. உள்ளங்கை அக்காவின் கட்டைவிரல் நகத்தளவு. தொட்டுப் பாருங்கள் என்று குழந்தையின் அம்மா எவ்வளவோ சொல்லியும் அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய கைய வச்சுக்கிட்டா இதுக்குள்ள போற சாமானைச் செஞ்சேன்?" என்று என் காதருகே கேட்டார்.

அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்வை நேரம் முடிந்துவிட்டதென்று நர்ஸ் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஏழாவது வாரம் குழந்தை வீட்டுக்குப் போய்விட்டது என்று தகவல் வந்தது. அக்கா எடையை மட்டும் கேட்டார். இரண்டு கிலோ இருநூறு. அதை மெல்லத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அடுத்த கம்பியை எடுத்தார்.