நான்கு டிகிரி

போன ஞாயிறு கும்மிடிப்பூண்டியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஃபிரேம் போட்ட போட்டோ. மனதில் கொஞ்சம் பெருமை - மறைப்பானேன்?

டேனியலின் வீடு அது. ஸ்டீல் ஃபேக்டரியில் கிரேன் ஆபரேட்டர். லீவு கிடைத்தால் செல்போனும் கையுமாகக் கடற்கரை, ஏரி என்று கிளம்பிவிடுவார். எங்கள் போட்டோ வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போடும் படங்கள் எல்லாமே அழகு... அடிவானம் மட்டும் கோணல்!

நான் சும்மா இருப்பேனா? "டேனியல், கடல் தண்ணி ஒரு பக்கமா ஒழுகுதே!" என்று எழுதுவேன். "அடுத்த வாட்டி நேரா எடுத்துட்றேன் சார்" என்பார். எடுக்கவே மாட்டார்.

போன மாதம் டேனியல் இறந்துபோனார். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது.

முப்பதாம் நாள் பூசையில் வைக்க, அவர் கடைசியாக எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று அவர் மனைவி ஸ்டெல்லா கேட்டார். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சாயங்காலக் கடல். வழக்கம்போலச் சாய்ந்திருந்தது. நண்பருக்குக் கடைசியாக ஒரு மரியாதை என்று நினைத்து, கம்ப்யூட்டரில் நான்கு டிகிரி திருப்பினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வந்து நின்றது அடிவானம்.

படத்தைத் திருப்பினால் ஓரங்களை வெட்டித்தான் ஆக வேண்டும். கீழ் மூலையில், மணல்மேல் ஏதோ கறுப்பு நிழல். அதுவும் போயிற்று. நல்லதாயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஸ்டெல்லா ஃபிரேமை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கீழ் மூலையை விரலால் தடவினார்.

"அண்ணா... இங்க அவரு நெழலு இருந்துச்சே?"

எனக்குப் புரியவில்லை. தன் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மணலில் நீளமாக ஒரு மனிதன். இடுப்பில் ஒரு குழந்தை.

"பாப்பா அலைய பாத்து பயந்துகினு கீழ எறங்கவே மாட்டேன்னுச்சு. எப்பவும்போல இடுப்புல வெச்சிக்கினு ஒத்தக் கையிலதான் எடுத்தாரு. அன்னிக்கு எடுத்ததுல அவரு இருக்கறது இது ஒண்ணுதாண்ணா."

"தெரியாமப் போச்சு... மன்னிச்சிடும்மா."

"உங்களுக்கு இன்னா தெரியும்ண்ணா? உக்காருங்க, காபி போட்றேன்" என்று உள்ளே போனார். வெகுநேரம் ஒரு டம்ளர் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாளே பழைய படத்தை அப்படியே பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். பூசையில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அதைத்தான் வைத்தார்கள். இரண்டு வயதுப் பாப்பா அதற்கு எதிரே விளையாடிக்கொண்டிருந்தது.

அடிவானம் நேராக இருக்க வேண்டும். விதி சரிதான், நானும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இத்தனை நாள் கிண்டல் செய்த நான், ஒரே ஒரு முறை கேட்டிருக்கலாம்...

இன்னொரு கையில் என்ன டேனியல்?