பிணத்துக்கு ஆள் கிடைக்காத படம்

மணிவாசகம் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது 1971ஆம் வருஷம் மார்ச்சில். கதவைத் திறந்தேன். முழங்காலுக்குக் கீழே இறங்கும் மழைக்கோட்டு, இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெல்ட், தூக்கிவிட்ட காலர், ஒரு கண்ணை மறைக்கும் தொப்பி. ஏதோ கொலைக் கேஸில் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆங்கிலத்தில் உளறினேன். வந்தவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையும், நெற்றியில் விபூதிக் கீற்றும் இருந்தன. "அண்ணி, நான் கும்பகோணம் மணிவாசகம். சாம்பார் சாப்பிட வாடான்னு அண்ணன் சொன்னார்" என்றார்.

அண்ணன் என்றது என் கணவர் ஆனந்தகிருஷ்ணனை. இரண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம் என்று கேட்டால், மெட்ரோ ரயிலில் தமிழ்ப் பத்திரிகையைப் பிரித்த மணிவாசகத்தை என் கணவர் தட்டிக் கூப்பிட்டாராம். அந்தக் காலத்து மொன்ட்ரியாலில் தமிழர்களைக் கண்டால் விடமாட்டோம்.

மணிவாசகம் எஞ்சினீயர். எந்தக் கூரை எவ்வளவு பனியைத் தாங்கும் என்று கணக்குப் போடுவது வேலை. வயது முப்பத்தாறு. அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரே பைத்தியம், பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ஃபிலிம் நுவார் என்று பெயர் வைத்திருப்பதாகச் சொல்வார். மழையில் நனைந்த தெரு. ஜன்னல் பட்டிகளின் நிழல் கோடு கோடாக விழும் ஆபீஸ். இழுப்பறையில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் துப்பறிகிறவன். அழகாக ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வருவாள். அவள் சொல்வதெல்லாம் பொய் என்று தெரிந்தே அவளுக்காகப் போய் அடி வாங்குவான். கடைசியில் அவளைப் போலீஸிடம் ஒப்படைத்துவிட்டுத் தனியாக நடந்து போவான்.

"அடியும் வாங்கி, பொண்ணும் கிடைக்காம, இதுல என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டேன்.

"அதுதான் அண்ணி ஸ்டைல்" என்றார்.

அந்த ஸ்டைலில் பாதி அவருக்கு ஒத்துவராது. சிகரெட் தொட்டதில்லை, குடி கிடையாது. படத்தில் அவர்கள் சிகரெட் பற்றவைக்கிற இடத்தில் இவர் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நவம்பர் பிறந்துவிட்டால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும். வாசலில் நின்று மூச்சு விட்டாலே புகையாக வரும். இந்த ஊரையே தனக்காகத்தான் கட்டினார்கள் என்பது அவர் கட்சி.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தப் படங்களில் துப்பறிகிறவனே பின்னணியில் கரகரத்த குரலில் கதை சொல்வானாம். இவரும் சொல்வார். சமையலறைக்குள் வந்து, "கதவு திறந்தது. பெருங்காய வாசனை. இந்த வீட்டில் எதையோ மறைக்கிறார்கள். அது அப்பளமாக இருக்கலாம்" என்று ஆரம்பிப்பார். நான் கரண்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டே நிற்பேன். மனிதர் தன் சொந்தக் குரலில் பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அந்தக் கரகரக் குரல் வந்துவிட்டால் வெளுத்து வாங்குவார்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டார். காலரைத் தூக்கிவிட்டு, தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொட்டுவிட்டு, இரும்புப் படிக்கட்டில் இறங்கிப் போய்விடுவார். "போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கத்துவேன். ஒருநாள் கீழ்ப்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். "துப்பறியறவன் யார்கிட்ட அண்ணி சொல்லிட்டுப் போவான்?" என்றார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

கமலினி வந்தது 1973இல். கோயம்புத்தூர்ப் பெண், வயது முப்பத்திரண்டு. பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கு இரண்டு வருஷம் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் சாப்பிட வருவாள். முதல் நாளே மணிவாசகம் கரகரக் குரலில், "அவள் உள்ளே வந்தாள். தொல்லையும் கூடவே வந்தது" என்று ஆரம்பித்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தொல்லை பையில இருக்கு. தேங்காய் பர்பி. தட்டு குடுங்க" என்றாள். அன்றைக்கு மனிதருக்கு அதற்கு மேல் பின்னணிக் குரல் வரவே இல்லை.

அப்புறம் எதையும் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. அவள் வரும் நாளில் இவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டிருப்பார். அவள் பேசினால் கிராம்பை மென்று விழுங்கிவிடுவார். அவள் மனதில் என்ன என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஆராய்ச்சிக்காரி, முடிவு தெரிகிறவரை வாயைத் திறக்கமாட்டாள். 1974 செப்டம்பரில் ஒருநாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "மே மாசம் ஊருக்குப் போறேன் அக்கா. அண்ணன் மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்கார். பேங்க்ல ஆபீசராம்" என்றாள். உப்பு போதுமா என்று கேட்கிற குரல்.

மணிவாசகத்தைத் தனியாகப் பிடித்தேன்.

"எனக்காகப் பொண்ணு கேக்கப் போறதுக்கு யாரு அண்ணி இருக்காங்க?" என்றார்.

"நான் எதுக்கு இருக்கேன்? நான் கேக்கறேன்."

"வேண்டாம். அவங்களுக்கு இஷ்டமில்லைன்னா ஞாயித்துக்கிழமை வர்றதையும் நிறுத்திடுவாங்க. மே மாசம் வரைக்குமாவது வரட்டும்." பிறகு கரகரக் குரலுக்குத் தாவினார். "அவள் போகிறவள். அவன் நிற்கிறவன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தொப்பியைப் பிடுங்கி ரசத்தில் போட்டிருப்பேன்.

அப்போதுதான் யோசனை வந்தது. என் கணவரிடம் சத்தம் பதிவாகாத சின்ன சூப்பர் எட்டு சினிமா கேமரா ஒன்று இருந்தது. பொங்கல் விழாவில் காட்ட நாமே ஒரு துப்பறியும் படம் எடுத்தால் என்ன என்றேன். மணிவாசகம் துப்பறிகிறவர். பொய் சொல்லும் அழகி கமலினி. படம் ஓடும்போது பக்கத்தில் நின்று மணிவாசகமே கதை சொல்லட்டும். மூன்று மாதம் இரண்டு பேரும் ஒரே ஃபிரேமுக்குள் நின்றால், இவர் வாய் தானாகத் திறக்காதா என்பது என் கணக்கு.

கணக்கு தப்பு. நவம்பரில் முதல் பனி விழுந்ததுமே அவர் கடைசிக் காட்சியைத்தான் முதலில் எடுக்க வைத்தார். துப்பறிகிறவன் எங்கள் வீட்டுப் பின்சந்தில் தனியாக நடந்து போகிற காட்சி. கல்யாணத்தில் முடிக்கலாமே என்று எல்லோரும் கெஞ்சினோம். மசியவில்லை. ஸ்டைல் கெட்டுவிடுமாம்.

மற்றபடி அவ்வளவு சிரித்த மாதங்கள் என் வாழ்க்கையில் கிடையாது. ஜன்னல் நிழலுக்கு அட்டையைக் கோடு கோடாக வெட்டி விளக்குக்கு முன்னால் பிடித்தேன். கறுப்புப் பட்டு கட்டமாட்டேன் என்று கமலினி பிடிவாதம் பிடித்ததால் கருநீலம் கட்டினாள். படத்தில் எல்லாம் கறுப்புதானே. அவள் சடைக்கு மேல் வைத்த தொப்பி நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. அவள் முகத்தில் வஞ்சகம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் சிரிப்பு வந்தது. வில்லன் வேதமூர்த்தி, கணிதப் பேராசிரியர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டிலிருந்து பாலம் தாண்டி மனைவி சரளாவோடு வருவார். யாரையும் அடிக்கத் தெரியாமல், ஓங்கிய கையால் மன்னிப்புக் கேட்பார்.

டிசம்பர் கடைசியில் ஒரே காட்சிதான் பாக்கி. அழகி ஏமாற்றிக் கொன்ற நகை வியாபாரி சந்தில் பிணமாகக் கிடக்க வேண்டும். அவள் முகத்தில் சலனமே இல்லாமல் குனிந்து பார்த்துவிட்டு, அவனைத் தாண்டிப் போக வேண்டும்.

பிணத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

வேதமூர்த்தி படுக்கத் தயார். சரளா விடவில்லை. "விளையாட்டுக்குக்கூட அந்த மாதிரி படுக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரர் படுக்க மாட்டார்" என்று அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். சரி, என் கணவர் இருக்கிறாரே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் டாக்டர், தினமும் பிணத்தைப் பார்க்கிறவர். நானும் கல்லூரியில் வேதியியல் படித்தவள், ராகுகாலத்தைக் கேலி செய்கிறவள். ஆனாலும், "அவர்தான் கேமரா பிடிக்கணும்" என்று கழன்றுகொண்டேன். கேமராவை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்கள் யாராவது படுக்கலாமே என்றார் வேதமூர்த்தி. சரளா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

மணிவாசகம் சிரித்தார். "எதுக்கு இவ்வளவு யோசனை? நானே படுக்கறேன். தொப்பியால மூஞ்சியை மூடிக்கிட்டா யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் வேண்டாம்னு சொல்ல ஆள் இல்லையே."

சாதாரணமாகத்தான் சொன்னார். கரகரக் குரல்கூட இல்லை. சொல்லிவிட்டுப் பனியில் மல்லாந்து படுத்து, முகத்தின் மேல் தொப்பியை வைத்துக்கொண்டார். எங்கள் யாருக்கும் மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை. அவரவர் புருஷனைக் காப்பாற்றிக்கொண்ட கெட்டிக்காரிகள், நானும் சரளாவும். வெட்கமாக இருந்தது. என் கணவர் கேமராவைத் தூக்கினார். கமலினி நீளப் பூட்ஸும் கருநீலப் புடவையுமாக நடந்து வந்து, அவர் பக்கத்தில் நின்று, குனிந்து பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள். தாண்டவில்லை.

"கமலினி, தாண்டும்மா. ஃபிலிம் ஓடுது" என்றார் என் கணவர்.

"இவர் படுக்கக் கூடாது" என்றாள் கமலினி.

வேதமூர்த்திக்குப் புரியவில்லை. "ஏம்மா? வேண்டாம்னு சொல்ல அவருக்கு ஆள் இல்லைன்னு அவரே சொல்லிட்டாரே."

"நான் சொல்றேன்" என்றாள் அவள். "நான் சொல்றேன், வேண்டாம். எந்திரிங்க."

சரளா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சொன்னது என்ன என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. கமலினிக்கும் புரிந்தேதான் இருந்தது. குளிரில் சிவந்த மூக்கோடு, தொப்பி ஒரு பக்கம் சரிய, அசையாமல் நின்றாள். படுத்திருந்தவரும் அசையவில்லை. முகத்தின் மேல் இருந்த தொப்பி மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. இந்த மனிதர் இப்போதும் கரகரக் குரலில் ஏதாவது வசனம் பேசினால் நானே கொன்றுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கமலினி கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள். "பனி முதுகுக்குள்ள போயிருக்கும். எந்திரிங்க."

தொப்பிக்கு அடியிலிருந்து கும்பகோணத்துக் குரல் வந்தது. "சரிங்க."

அவ்வளவுதான். நாலு வருஷமாக எங்கள் வீட்டில் அவர் பேசிய அத்தனை வசனத்திலும் எனக்குப் பிடித்தது அந்த ஒரு வார்த்தைதான். நான் அழுதேன் என்று என் கணவர் இன்றும் சொல்வார். ஆமாம், அழுதேன். சந்தோஷத்தில் அழுவதற்கு எனக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

பிணம் எப்படியும் வேண்டியிருந்தது. மேல்மாடியிலிருந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கட்டடக் காவலர் கஸ்தோன், செத்துப்போகத் தான் தயார் என்று இறங்கி வந்தார். அவர் மனைவியும் ஜன்னலில் நின்று கைதட்டினாள். கமலினி அவரைத் தாண்டும்போது மறுபடி சிரித்துவிட்டாள், அப்படியே விட்டுவிட்டோம். முடிந்ததும் அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தே ஆக வேண்டும், ஊரில் சினிமாக்காரர்கள் அப்படித்தான் தோஷம் கழிப்பார்கள் என்றாள் சரளா. கஸ்தோன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சரளா அதோடு விடாமல், இங்கே டெப்பனர் என்கிற பக்கத்துப் பெட்டிக்கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து அவருக்குத் திருஷ்டி சுற்றினாள். அவர் தலை குனிந்து, "மெர்ஸி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

ஜனவரியில் பொங்கல் விழாவில் படம் காட்டினோம். கோயம்புத்தூர் அண்ணனிடம் கமலினி தொலைபேசியில் பேசி முடித்திருந்தாள். மே மாதம் ஊருக்குப் போவது அப்படியேதான் இருந்தது, மாப்பிள்ளைதான் வேறு. இது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மணிவாசகம் திரைக்குப் பக்கத்தில் நின்று கரகரக் குரலில் கதை சொன்னார். கஸ்தோன் பிணம் சிரித்தபோது கூடம் அதிர்ந்தது. கடைசிக் காட்சி வந்தது. நவம்பர்ப் பனி, பின்சந்து, தனியாக நடந்து போகிற முதுகு.

"அவன் நடந்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள அவனுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். புரொஜக்டர் மட்டும் கடகடவென்று ஓடியது. முன்வரிசையில் கமலினி உட்கார்ந்திருந்தாள்.

கரகரப்பு போய்விட்டது. சொந்தக் குரலில், அவளைப் பார்த்து மட்டும் சொன்னார். "தனியாத்தான் போனான். ஆனா போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போனான்."