பெட்டைக் குருவியின் முதுகு

பறவைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிற அந்த ஓவியரைப் பாடாய்ப் படுத்திய ஜீவன் ஒன்று உண்டென்றால், அது பண்டிங் என்கிற தானியக் குருவிதான். கருந்தலை, செந்தலை என்று அதில் இரண்டு பங்காளிகள். ஆண்களால் ஒரு தொல்லையும் இல்லை. ஒருவனுக்குத் தலை கறுப்பு, மற்றவனுக்குச் செம்பழுப்பு, வயிறு இருவருக்கும் மஞ்சள். வம்பெல்லாம் பெட்டைகளிடம்தான். இரண்டும் வைக்கோல் நிறத்தில் ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும். கருந்தலைக்காரியின் முதுகில் லேசாகச் செம்பழுப்பு ஓடும், செந்தலைக்காரிக்குப் பச்சை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கொடுமையைப் பாருங்கள், அந்த இரண்டு நிறமும் ஓவியருக்குப் பிறவியிலிருந்தே ஒன்றாகத்தான் தெரியும். இதை அறிந்தவள் அவர் மனைவி ஒருத்திதான். வண்ணக் கிண்ணங்களை அவள் வரிசையாக அடுக்கி வைப்பாள். இவர் கிண்ணம் இருக்கும் இடத்தைப் பார்த்துத் தூரிகையைத் தோய்ப்பார். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வரிசை மாறவில்லை. வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சே என்று இவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் படம் அச்சகம் போயாக வேண்டும். பெட்டைகளை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது மருமகள் டீயோடு வந்தாள்.

"மாமா, காலைல மேசையத் துடைச்சு, கிண்ணமெல்லாம் அழகா மாத்தி அடுக்கினேன். கவனிச்சீங்களா?"

ஓவியர் சட்டென்று படத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"பச்சை எந்தக் குருவிக்கும்மா அடிச்சிருக்கு?"

"என்ன மாமா, வரைஞ்சவர் நீங்க, என்னக் கேக்கறீங்க? இடது பக்கத்துக் குருவிக்கு."

இடது பக்கம் இருந்தவள் கருந்தலைக்காரி.

அப்படியே விட்டுவிடலாம், எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் நாளைக்கு எவனாவது வயலோரம் இந்தப் புத்தகத்தை நம்பிப் பிரித்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பானே! மனசு கேட்கவில்லை.

"எனக்குப் பச்சையும் செம்பழுப்பும் ஒண்ணாத்தாம்மா தெரியும். உன் அத்தையத் தவிர யாருக்கும் தெரியாது."

"ஐயோ மாமா, நான் போய் கை வச்சுட்டேனே!" என்று பதறியவள், மறுகணமே நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பரவால்ல. எதுக்கு எதுன்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்."

ஈரத் துணியால் இரண்டு முதுகையும் ஒற்றி எடுத்துவிட்டு, அவள் காட்டிய கிண்ணத்தில் தொட்டுத் தொட்டுப் பூசினார்.

"செம்பழுப்பு ரொம்பக் கூடிப்போச்சு, மாமா. தண்ணி தொடுங்க. அட, மெதுவா!"

மனைவி இறந்த பிறகு அவரை அந்த மேசையில் யாரும் இப்படி அதட்டியதில்லை. படத்தில் கண்ணீர் விழுந்துவிடப் போகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.