காட்டாத கால்

அலமு வேலை செய்த அரிசி ஆலையில், அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலாலேயே துழாவ வேண்டும். சிமெண்டுத் தரை வெயிலில் கொதிக்கும். நெல்லின் சுணை தோலைத் தின்னும். கல்யாணமாகி ஐந்தாறு வருஷத்திலேயே அவள் குதிகால்கள் வற்றிய ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்துவிட்டன. கல்யாண வீடுகளில் சீர்ப் பட்டுப்புடவைகளைப் பரப்பி வைத்த பாய்ப் பக்கமே போக மாட்டாள். வெடிப்பில் இழை மாட்டி இழுத்துவிடுமோ என்று பயம்.

அவள் புருஷன் கலியன் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினான். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களை ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் கொண்டுபோய் விடுவான். அதிகம் பேசாதவன். ஒரு ஐப்பசியில் வெடிப்பு சீழ் பிடித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, அவனே வெந்நீரில் உப்புப் போட்டு அவள் கால்களைக் கழுவினான். விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துணியால் ஒற்றி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினான். புண் ஆறிய பிறகு, தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கி ஆறவைத்து, தினமும் சாயங்காலம் வெடிப்புகளில் பூசிவந்தான்.

"புருஷன் பொண்டாட்டி காலத் தொடலாமா? எனக்குத்தான் பாவம்."

"வலியும் உனக்கு, பாவமும் உனக்கா? கம்முனு இருமா."

நாளாக ஆக அந்தச் சாயங்கால நேரம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதை அவனிடம் சொன்னதில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு மணியம்மாள் அடுப்புக்கு நெருப்பு வாங்க உள்ளே வந்துவிட்டாள். "இன்னாமே அலமு, பாதபூசை நடக்குதா?" என்று சிரித்தாள். மறுநாள் குழாயடி முழுக்க அதே பேச்சு. அன்று சாயங்காலம் கலியன் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்ததும் அலமு காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தெருவில் நின்றவர்கள் காதில் விழட்டும் என்றே கத்தினாள்.

"ஆம்பளையா நீ? பொட்டச்சி காலப் புடிச்சிக்கினு குந்தினு இருக்கியே, ஊரே சிரிக்குது. மானம் இல்ல உனக்கு?"

அவன் தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். அவளிடம் எப்போதும்போலத்தான் இருந்தான். ஆனால் அவள் கால் பக்கம் மறுபடி வரவில்லை.

வருஷங்கள் போயின. ரிக்‌ஷாவின் பெடலில் ரப்பர் தேய்ந்து, இரும்பு பட்டுப் பட்டு அவன் உள்ளங்காலில் ஆணி விழுந்தது. அவன் நொண்டுவதை அலமு பார்த்தாள்.

"காட்டுய்யா, வெந்நி வெச்சித் தரேன்."

"வேணாம்மா. நானே பாத்துக்கறேன்."

பழைய பிளேடால் அவனே ஆணியைச் சீவிக்கொண்டான். உடம்பில் சர்க்கரை இருந்தது இருவருக்குமே தெரியாது. கேட்டபோதெல்லாம் வலிக்கவில்லை என்றான். அது பொய்யில்லை, அந்தக் காலில் உணர்ச்சியே செத்துப்போயிருந்தது. சீவிய இடம் புண்ணான பிறகும் துணியைச் சுற்றிக்கொண்டு மிதித்தான். நாற்றம் வந்த பிறகுதான் அலமு போர்வையை விலக்கிப் பார்த்தாள். பாதம் கறுத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "இவ்ளோ நாளா வீட்ல யாரும் பாக்கலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் கேட்டாள். "ஏன்யா எங்கிட்ட காட்டல?"

"நீ வேலைய உட்டுட்டு எங்கூட குந்தணுமா? அதான்."

அது முழுப் பதில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அன்று கத்தியது அவன் மனசில் இன்னும் இருக்கிறதா என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அவன் ஆமாம் என்றுவிடுவானோ என்று பயந்து, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

அவன் அந்தப் பங்குனியைத் தாண்டவில்லை. சாவு வீட்டில் மணியம்மாள்தான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாதபூசை என்று சிரித்தது மணியம்மாளுக்கு ஞாபகமே இல்லை. தான் அன்று கத்தியதைக் கலியனும் அப்படித்தான் மறந்திருப்பானோ, இல்லை மனசிலேயே வைத்துக்கொண்டு போனானோ, அலமுவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.