அந்த ஆறு ஈயக்குண்டு

காமயகவுண்டன்பட்டி வியாகுலமேரியின் பேரில் துக்கம் இருப்பதைக் கேட்டு அவளை அழுமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்றால் பங்குச்சாமியாரே வந்து சொன்னாலும் மாற மாட்டாள். "இனி இந்த வீட்டுல ஈயம் உருகப்படாது" என்று அவள் புருஷன் ஆரோக்கியசெல்வம் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. போன தை மாதம் அதே வீட்டுக் கொல்லையில் அவள் ஈயச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய கண் இரண்டும் போனதே அந்தச் சட்டியால்தான்.

ஆரோக்கியசெல்வம் வீச்சுவலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர். வலையின் விளிம்பைச் சுற்றிக் கோத்திருப்பார்களே, வலையைத் தண்ணீருக்கடியில் இழுத்துப் போகுமே, அந்தக் குண்டு. அவர் வைத்திருந்த பித்தளை அச்சு வலைக்காகச் செய்ததே இல்லை. மலைமேல் எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை தன் பெரிய ரிவால்வருக்குத் தோட்டா வார்க்க வைத்திருந்தது. இடுக்கி மாதிரித் திறந்து மூடும். ஒரு ஊற்றுக்கு இரண்டு குண்டு, கட்டைவிரல் நுனித் தடிமனில் விழும். துரை சீமைக்கே திரும்பிப் போனபோது அது கைமாறிக் கைமாறி இந்த வீட்டுக்கு வந்தது. அச்சில் துளை போட்டு நடுவே ஒரு கம்பியை நுழைத்துவிட்டார்கள். ஈயம் இறுகியதும் கம்பியை உருவினால் கயிறு கோக்க ஓட்டை தயார். ஆளைச் சுடத் தோட்டா வார்த்த அச்சு அன்றிலிருந்து கெளுத்திக்கும் கெண்டைக்கும் வேலை செய்தது.

ஒரு மழைக்கு மறுநாள், அவசரத்தில், பழைய ஈயத்துண்டு ஒன்றை உருகிய சட்டிக்குள் போட்டார். துண்டின் மடிப்புக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்திருக்கிறது. ஒரே சொட்டுதான். சட்டி டமாரென்று தெறித்து முகத்தில் அடித்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தும் பார்வை திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வியாகுலமேரி ஏலக்காட்டு வேலைக்குப் போனாள். விடிய ஐந்து மணிக்கு வாசலில் ஜீப் ஹாரன் அடிக்கும். மலையேறிக் கேரளாவுக்குள் போய் வேலை பார்த்துத் திரும்ப ஆறரை ஆகிவிடும். ஒருநாள் திரும்பி வந்தவள் கொல்லையில் அவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். காலை பத்து மணிக்கு வழுக்கி விழுந்தவர். இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. காலெல்லாம் எறும்பு.

"கூப்ட்டுப் பாத்தேன். யாரும் இல்ல" என்றார். வியாகுலமேரி அவர் காலிலிருந்த எறும்பையெல்லாம் தட்டிவிட்டாள். மறுநாள் ஜீப் வந்து ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போனது. அவள் வெளியே வரவில்லை.

"வீட்டோட இருந்து செய்யிற வேல எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். நான் வார்க்கப் போறேன்" என்றாள் அவரிடம்.

"கிறுக்கா புடிச்சிருக்கு? ரெண்டு பேரும் குருடாப் போனா யாரு யாரப் புடிச்சு நடக்குறது?"

"நான் பாத்துப் பண்ணிக்கிறேன்."

"பண்ணிக்க. எங்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்காத."

"கேக்கல." வீம்பில் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இளைத்தவர்கள் இல்லை.

குளத்தில் மீன் பிடிக்கிற ஆட்களுக்குத் தலைவர் சின்னக்கருப்பு. விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "மதினி, இப்ப மதுரையில மிஷின்ல அடிச்ச குண்டே வந்திருச்சு. இருந்தாலும் அண்ணன் வீட்டுக் குண்டுன்னா எங்களுக்கு ஒரு நம்பிக்க. மொதல்ல ஒரு வலைக்கு எரநூத்தி நாப்பது குண்டு குடுங்க. வலை ஒழுங்கா விழுந்தா பாக்கிப் பதினோரு வலையும் ஒங்களுக்குத்தான். இல்லன்னா மதுரைக்குப் போன் போட்ருவேன். வெள்ளிக்கிழம குளத்துல எறங்குறோம்" என்றார்.

பதினோரு வலை என்றால் கோடை முழுக்க வேலை. அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் ஜீப்தான். அவர் மறுபடியும் தனியாகத்தான்.

தம்பி மகனுடைய பைக் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, புருஷனின் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு அவள் அடுப்பு முன்னால் நின்றபோது, பக்கத்து வீட்டு அக்கம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏ ஆத்தா, எங்க கெளம்பிட்ட? வண்டியக் காணோம்?"

"சிரிச்சுக்க. சட்டி வெடிச்சா மொதல்ல ஒன் மூஞ்சிதான். உள்ள போ."

இருபத்தெட்டு வருஷம் அடுக்களை வாசலில் நின்று பார்த்த வேலை. மாதா கோயில் உபதேசியாரிடம், அங்கே எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை வாங்கி வந்திருந்தாள். உருகிய ஈயத்தில் ஒரு துண்டைப் போட்டுக் கிண்டினால் கசடு மேலே வந்துவிடும், வழித்தெறியலாம். அச்சு சூடேறும்வரை குண்டெல்லாம் சுருக்கம் விழுந்து கிழவன் மூஞ்சி மாதிரி வரும் என்றும் தெரியும். ஆரோக்கியசெல்வம் பழைய இட்லித் தட்டில் ஊற்றி வைத்திருந்த பாளங்களை உருக்கியதில், முதல் நாளே குண்டு பளபளவென்று விழுந்தது. அன்றைக்கு ராத்திரி அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பாளம் தீர்ந்ததும் சனியன் பிடித்தது. கம்பத்தில் டயர் கடை வைத்திருக்கும் ஷானவாஸ், சக்கரத்தில் பேலன்ஸுக்கு ஒட்டுகிற பழைய எடைத்துண்டுகளை ஒரு சாக்கு நிறையக் கொடுத்திருந்தான். "வழக்கமா அண்ணன் வாங்கிட்டுப் போவாகல்ல, அதான்க்கா" என்றான். அவள் அதைச் சட்டியில் கொட்டித் தீயை ஏற்றினாள். உருகியது கேப்பைக் கூழ் மாதிரி கட்டிகட்டியாக நின்றது. அச்சு நிறையவே மாட்டேன் என்றது. மெழுகு போட்டாள், கிண்டினாள், மாதாவைக் கூப்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சட்டியைக் கொட்டிவிட்டு வேறு சட்டி வைத்தாள், அதுவும் அப்படியே ஆனது. புருஷனிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்பாளா? செத்தாலும் கேட்க மாட்டாள்.

முதல் நாள் ஒதுக்கிய சுருக்கம் விழுந்த குண்டுகளையெல்லாம் மறுபடி உருக்கி வார்த்தாள். வியாழக்கிழமை பொழுது சாய இருநூற்று முப்பத்துநான்கு தேறியது. ஆறு குறைந்தது. கெட்டுப்போன சட்டியில் வார்த்ததில் பார்வைக்கு நல்லதாக ஆறு எடுத்தாள். உள்ளங்கையில் வைத்ததுமே லேசு என்று தெரிந்தது. 'ஆறுதானே' என்று சொல்லிக்கொண்டு கயிற்றின் கடைசியில் கோத்துச் சின்னக்கருப்பிடம் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆரோக்கியசெல்வத்தின் கையைப் பிடித்தாள். "எந்திரிங்க. தனியா விட்டுட்டுப் போகமாட்டேன்." முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

குளத்தங்கரையில் சின்னக்கருப்பு வலையைத் தோளில் மடித்து, இடுப்பை முறுக்கி வீசினார். வலை வட்டமாக விரிந்து சளாரென்று விழுந்தது. "தட்டு மாதிரி விழுந்திருக்கு மதினி! பதினோரு வலையும் ஒங்களுக்குத்தான்!" என்று கத்தினார்.

"சின்னக்கருப்பு, இன்னொருக்கா வீசு" என்றார் ஆரோக்கியசெல்வம்.

வீசினார். ஆரோக்கியசெல்வம் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தடவையும் வீசச் சொன்னார்.

"எல்லாக் குண்டும் ஒண்ணா விழுந்தா ஒரே சத்தம்தான் கேக்கணும். இதுல ஒரு ஓரம் பிந்துது. அஞ்சாறு குண்டு லேசு."

"அட போங்கண்ணே, மீனுக்கு அது தெரியவா போகுது?"

"மீனுக்குத்தான்யா மொதல்ல தெரியும். அம்புட்டும் அந்த ஓரமாத்தான் வெளியேறும்."

சின்னக்கருப்பு சிரித்தார். அவர் கொடுத்த வார்த்தையை வாபஸ் வாங்குகிற ஆள் இல்லை. வியாகுலமேரி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், வேலை அவளுக்குத்தான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். வலை விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஆறு குண்டையும் கத்தியால் அறுத்தெடுத்தாள்.

"இந்த ஆறும் கெட்டுப்போன சட்டியில எடுத்தது. தெரிஞ்சேதான் கோத்தேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நல்ல குண்டு ஆறு கொண்டாறேன். அதுக்கப்புறம் வேல யாருக்குன்னு சொல்லுங்க."

சின்னக்கருப்பு தலையைச் சொறிந்தார். "சரி மதினி. நாளைக்கு மத்தியானம்."

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். திராட்சைத் தோட்டத்தைத் தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"கெட்டுப்போன சட்டின்னியே, எப்படி இருந்துச்சு?"

"கேப்பக் கூழு மாதிரி."

"துண்ட எல்லாம் பிளேயரால கடிச்சுப் பாத்தியா?"

"எதுக்கு?"

"அட கிறுக்கி! இப்ப டயர் கடையில ஈயம் மட்டுமா வருது? துத்தநாகமும் கலந்துதான் வருது. பிளேயருக்கு அமுங்குனா ஈயம். அமுங்கலன்னா தூக்கி எறிஞ்சிரணும். ரெண்டு துண்டு உள்ள போனாலும் சட்டி நாசம்."

வியாகுலமேரி நடுரோட்டில் நின்றுவிட்டாள். துண்டோடு ஒட்டியிருக்கும் கிளிப்பைக் கழற்றத்தான் பிளேயரால் கடிக்கிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"ஒரு வார்த்த கேட்ருக்க வேண்டியதுதான?"

"கேக்காதன்னு சொன்னது யாரு?"

கொஞ்ச தூரம் போன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கொல்லையில், அடுப்புக்குப் பத்தடி தள்ளி, துவைகல் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து அவர் உட்கார்ந்தார். சாக்கிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கல்லில் போட்டார். பொத்தென்று விழுந்தால் ஈயம். ணங்கென்று சத்தம் வந்தால் அந்தப் பக்கம் வீசினார். சந்தேகம் வந்தால் மட்டும் பிளேயர். பிளேயரை விடக் காது வேகமாக வேலை பார்த்தது.

சனிக்கிழமை மத்தியானம் புது ஆறு குண்டோடு வலை விழுந்தது. ஆரோக்கியசெல்வம் கேட்டார். இன்னொருக்கா வீசச் சொல்லவில்லை. பதினோரு வலைக்கான வேலையும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை ஜீப் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பொழுது நன்றாக ஏறி, துண்டுகளெல்லாம் காய்ந்த பிறகு, வியாகுலமேரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முதல் துண்டை, மிச்ச ஈயம் உருகிக் கிடந்த சட்டிக்கு மேலே கொண்டு போனாள்.

"மேரி" என்றார் அவர். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தப் பேரில் கூப்பிட்டார்.

"என்ன?"

"ஈரம் பாத்தியா?"

"ரெண்டு நாளு வெயில்ல காஞ்சது. துணியாலயும் தொடச்சிட்டேன்."

வாளி மேல் உட்கார்ந்திருந்தவர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா தொடச்சிரு" என்றார்.

அவள் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கூடையில் இருந்த அத்தனை துண்டையும் மறுபடி முதலிலிருந்து துடைத்தாள்.